கலியாணவீட்டுச் சத்தத்தை அழிக்காதீர்கள்

தென் லண்டனில் கலியாணவீடு, சாமத்தியவீடு, அரங்கேற்றம், அறுபதாம் கலியாணம் என்று சனி ஞாயிறு தவறாமல் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடித்திரியும் வீடியோக்காரத் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,



நோர்பரியிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பக்கத்து வீடுகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எந்த வீட்டில் விளக்கு வைக்க இடம் காணாது, எந்த மாடிப்படியில் மணப்பெண்ணை இறக்கினால் படம் வடிவாக வரும், லண்டன் வீதியில் எத்தனை மணிக்கு வான் நிறுத்த இடம் கிடைக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். விடியப்புறம் பெண்ணுக்குத் தலை இழுக்கும்போதே வந்துவிடுகிறீர்கள். ஐயர் தன் வேலை முடிந்ததும் போய்விடுவார். சமையல்காரர் குசினியோடு நின்றுவிடுவார். அறை, குசினி, வாசல் என்று எங்கும் கமராவோடு நுழைந்து, எவரும் ஏன் என்று கேட்காமல் திரியக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவர் அந்த உரிமையைப் பெற மாதக்கணக்காகப் பழகவேண்டும். அதனால்தான் இதைச் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் என் மனக்குறை. நீங்கள் தரும் கலியாண வீடியோவைப் போட்டால் எல்லாரும் வாயசைக்கிறார்கள், ஒருவர் குரலும் கேட்பதில்லை. மந்திரமும் மேளமும் கொஞ்சம் கேட்கும். மிச்சமெல்லாம் சினிமாப் பாட்டு. எங்கள் குடும்பத்துக் கலியாணம் ஒன்றின் வீடியோவில் பெரியம்மா கூறைச் சேலையின் கரையைத் தடவிப் பார்த்து ஏதோ சொல்கிறார். பக்கத்தில் நின்ற மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். பெண்ணின் தாய் ஒரு பார்வை பார்க்கிறார், பெரியம்மா உடனே முகத்தை மாற்றிக்கொள்கிறார். மூன்று பேருக்கும் இடையில் நடந்தது என்னவென்று இனி எவராலும் சொல்லமுடியாது. அதன்மேல் ஒரு காதல் பாட்டு முழுச் சத்தத்தில் ஓடுகிறது. பெரியம்மா இப்போது இல்லை. மூலப்பதிவு கிடைக்குமா என்று வீடியோ எடுத்தவரிடம் கேட்டோம். "எடிட் முடிஞ்சால் நாங்கள் அதை வைச்சிருக்கிறதில்லை, இடம் காணாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

கூடி நின்று அலட்டுகிற சத்தத்தை வைத்து என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அந்த அலட்டலில்தான் ஒரு மொழி உயிரோடு இருக்கிறது என்பது என் பதில். மேடையில் பேசுகிறவர் எழுதி வைத்ததைப் பேசுகிறார். பாடுகிறவர் வேறொருவர் எழுதியதைப் பாடுகிறார். குசினியில் நிற்கும் இரண்டு பேர்தான் அந்தக் கணத்தில், எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து, மொழியை உண்டாக்குகிறார்கள். அதை எவரும் பாடப்புத்தகத்தில் எழுதி வைப்பதில்லை.

ஒரு மொழியைப் பதிந்து வைக்கப் புறப்பட்டவர்களுக்கும் முதலில் கிடைத்தது பாட்டும் சடங்கும்தான். 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஹாடன் என்ற ஆய்வாளரின் தலைமையில் ஒரு குழு அவுஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனது. படம் பிடிக்கும் கருவியும் மெழுகு உருளையில் குரலைப் பதியும் போனோகிராபும் கொண்டுபோனார்கள். அங்குள்ள மேர் தீவில் எடுத்த படத்தில் இன்று மிஞ்சியிருப்பது சில நிமிடங்கள். அதில் ஆட்டமும் தீக்கடைவதும் இருக்கின்றன. அதே குழுவில் இருந்த சார்ல்ஸ் செலிக்மன் சுமார் பத்து ஆண்டு கழித்து மனைவி பிரெண்டாவோடு இலங்கைக்குப் போய் அங்குள்ள பழங்குடியினரான வேடர்களை ஆராய்ந்தார். 1911இல் வெளிவந்த அவர்களுடைய நூலில் வேடர் பாட்டுகளைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. டொரஸ் குழுவிலிருந்த இன்னொருவரான மயர்ஸ், செலிக்மன் தம்பதி பதிந்துகொண்டு வந்த உருளைகளைக் கேட்டு அதை எழுதினார். அந்த உருளைகள் எங்கள் நகரத்திலேயே, பிரிட்டிஷ் நூலகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.

பாட்டு இருக்கிறது. ஆனால் வேடர் குடும்பம் ஒன்று தேனைப் பங்கிடும்போது யார் முதலில் பேசினார், யார் பேசாமல் கை நீட்டினார், பிள்ளை குறுக்கே கதைத்தால் தகப்பன் என்ன செய்தார் என்பது அந்த உருளைகளில் இல்லை. அவர்களைக் குறை சொல்லமுடியாது. மெழுகு உருளை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். குழலுக்கு முன்னால் வாயை வைத்து உரக்கப் பாடினால்தான் பதியும். நாலு பேர் சுற்றி இருந்து கதைப்பதை அந்த இயந்திரத்தால் பிடிக்கவே முடியாது. உங்கள் சட்டைப்பைக்குள் கிடக்கும் கார்டில் இன்று மணிக்கணக்கான படமும் சத்தமும் கொள்ளும். கமரா எல்லாக் கதையையும் எடுத்துக்கொண்டு வந்து தருகிறது. பிறகு நாங்களே இருந்து அதைத் துடைத்துவிட்டுப் பாட்டை வைக்கிறோம். நூறு வருடத்துக்கு முந்திய இயந்திரத்தின் குறையை இன்றைய இயந்திரத்தில் வேண்டுமென்றே உண்டாக்குகிறோம்.

சத்தம் போதும், படம் எதற்கு என்றும் ஒருவர் கேட்கலாம். உங்கள் தொழிலின் பெறுமதியே இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அவுஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் ஹோப்வேல் என்று ஒரு பழங்குடி ஊர். அங்கே பேசப்படும் மொழி கூகு யிமிதிர். கங்காரு என்ற சொல்லை உலகத்துக்குத் தந்த மொழி அதுதான். அந்த மொழிக்காரர் "உன் இடப்பக்கம்", "முன்னால்" என்று சொல்வதைவிட வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்றுதான் இடத்தைச் சொல்வார்கள். ஜாக் பாம்பி என்ற கதைசொல்லி, தான் போன படகு கடலில் கவிழ்ந்ததையும் கரைக்கு நீந்தி வந்ததையும் 1980இல் ஜோன் ஹாவிலண்ட் என்ற ஆய்வாளரின் கமராவுக்கு முன்னால் சொன்னார். 1982இல் அதே கதையை ஸ்டீவன் லெவின்சனுக்குச் சொன்னார். முதல் தடவை அவர் மேற்குப் பார்த்து இருந்தார். படகு புரண்டதைக் காட்ட இரு கையையும் தனக்கு முன்னால் உருட்டினார். இரண்டாம் தடவை வடக்குப் பார்த்து இருந்தார். அப்போது அதே புரளலைக் கையால் வலமிருந்து இடமாகக் காட்டினார். உடல் திரும்பியிருந்தும், படகு இரண்டு தடவையும் கிழக்கிலிருந்து மேற்காகவே புரண்டது. இரண்டையும் ஒலிநாடாவில் மட்டும் எடுத்திருந்தால் இது எவர் கண்ணிலும் பட்டிருக்காது. அந்த மொழியின் திசைக்கணக்கில் பாதி வாயில் இருந்தது, மீதி கையில் இருந்தது.

அந்த லெவின்சன் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் இருந்து தமிழ்ப் பேச்சை ஆராய்ந்தவர். பெனலப்பி பிரவுனோடு சேர்ந்து அவர் எழுதிய, பேச்சில் மரியாதை பற்றிய புகழ்பெற்ற ஆய்வு நிற்கும் மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. மொழியியல் வகுப்புகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். எங்கள் ஆட்கள் வாசலில் நின்று கதைக்கும் கதைக்கு உலக அறிவில் இடம் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்வின் என்பவர் சாதாரண வீட்டுச் சாப்பாட்டையும் கூடி இருந்து கதைப்பதையும் வீடியோவில் எடுத்து ஆராய்ந்தார். பேசுகிறவர் ஒரு வசனத்தைத் தொடங்கி, பாதியில் விட்டு, திரும்பத் தொடங்குவதைப் பலர் தடுமாற்றம் என்றுதான் எண்ணியிருந்தார்கள். வீடியோவைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கேட்கிறவர் வேறெங்கோ பார்க்கும்போது பேச்சு முறிகிறது. அவர் கண்ணைத் திருப்பியதும் வசனம் புதிதாகத் தொடங்கி முழுமையாக வருகிறது. காதுக்குப் பிழையாகக் கேட்டது, கண்ணுக்கு "என்னைப் பார்" என்ற அழைப்பாகத் தெரிந்தது. இதே குட்வின் தன் தகப்பனாரையும் ஆராய்ந்தார். பாரிசவாதம் வந்து அவருக்கு மிஞ்சியவை மூன்று சொற்கள் மட்டும்: "ஓம்", "இல்லை", "அதோடு". அந்த மூன்றையும் குரல் ஏற்ற இறக்கத்தோடும் கையோடும் சேர்த்து, பக்கத்தில் இருப்பவர்களின் சொற்களைத் தனக்காக வாங்கிக்கொண்டு, அவர் குடும்பக் கதையில் முழுப் பங்கு எடுத்தார். இப்படி மூலையில் கதிரை போட்டு இருத்தப்பட்ட தாத்தாமார் எங்கள் கலியாணவீடுகளில் எத்தனை பேர்? உங்கள் கமரா அவர்களை இரண்டு செக்கனில் கடந்துபோகிறது.

எங்கள் பேச்சில் இப்படிக் கண்ணால் பார்த்துத்தான் அறியவேண்டியது என்ன இருக்கிறது? ஒன்று சொல்கிறேன். அ, இ, உ மூன்றும் சுட்டு என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த உகரச் சுட்டு மறைந்துபோயிற்று. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது இன்றும் நாள் தவறாமல் வேலை செய்கிறது. "உதை இஞ்சாலை தாரும்", "உங்கை வையுங்கோ", "உவர் என்னவாம்?" என்கிறோம். கேட்கிறவருக்குக் கிட்ட இருப்பதை அது சுட்டும் என்று இலக்கணம் விளங்கப்படுத்துவார்கள். அது சரிதான். ஆனால் அந்த இடத்திலேயே இல்லாத ஆளையும் நாங்கள் "உவர்" என்கிறோம். மேசையில் இருவருக்கும் நடுவில் கிடக்கும் கரண்டி ஒருவருக்கு "இது", மற்றவருக்கு "உது". எப்போது எது என்பதைத் தீர்ப்பது தூரம் மட்டும்தானா, பார்வையா, கை நீட்டியிருப்பதா, முதலில் அதைப் பற்றிக் கதை எடுத்தவர் யார் என்பதா? ஒலிப்பதிவை ஆயிரம் தடவை கேட்டாலும் கரண்டி எங்கே கிடந்தது என்று தெரியாது. லாவோ மொழியின் சுட்டுச்சொற்களை நிக் என்பீல்ட் என்ற ஆய்வாளர் வீடியோவில் எடுத்து, பேசுகிறவர்கள் எங்கே நின்றார்கள், எதைப் பார்த்தார்கள் என்று பார்த்துத்தான் விளக்கினார். எங்கள் உகரத்துக்கும் அப்படி ஒரு வேலை காத்திருக்கிறது. அதற்கு வேண்டிய பதிவுகளை எடுக்கக்கூடியவர்கள் நீங்கள்.

"நீ"க்கும் "நீங்கள்" என்பதற்கும் இடையில் எங்களிடம் "நீர்" ஒன்று இருக்கிறது. மருமகனை மாமா எப்போது "நீர்" என்கிறார், எந்தக் கணத்தில் "நீங்கள்" என்று ஏறுகிறார், கோபம் வந்தால் "நீ"க்கு எப்படி இறங்குகிறார் என்பதெல்லாம் முகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். தலையை ஒருபக்கம் சரித்து "ஓம்" சொல்வதும், "ச்" என்று நாக்கைத் தட்டி மறுப்பதும், கதை கேட்டுக்கொண்டே "ம்" கொட்டுவதும் அகராதியைப் புரட்டி விளங்கிக்கொள்ள முடியாத தமிழ்.

இதற்கு ஏன் இவ்வளவு அவசரம்? தமிழ் அழியப்போகிற மொழி என்று நான் பயம் காட்டவில்லை. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழே தங்கள் முதன்மை மொழி என்று குறித்தார்கள். ஆனால் வீட்டுக்குள் யார் யாரோடு எந்த மொழியில் கதைக்கிறார்கள் என்பதை அந்தப் படிவம் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போய் உலகறிந்த மொழியியலாளரான சுரேஷ் கனகராஜா, லண்டன், டொரண்டோ, கலிபோர்னியா ஆகிய இடங்களில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களை ஆராய்ந்து 2008இல் எழுதினார். குடும்பங்களுக்குள்ளேயே பேச்சு ஆங்கிலத்துக்கு நகர்ந்துகொண்டிருப்பதை அவர் காட்டினார். நோர்பரியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அதுதான் காட்சி. அம்மம்மா தமிழில் கேட்கிறார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், இரண்டு பேருக்கும் விளங்குகிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அவனுக்கு எழுத்துத்தமிழ் படிப்பிக்கிறது, சோதனைக்கு ஆயத்தப்படுத்துகிறது. அது நல்ல வேலை. ஆனால் "உங்கை" என்று கை காட்டுவதற்குப் பாடத்திட்டத்தில் இடம் இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்களோடு வந்து சேர்ந்த தாய் தகப்பன்மார், அச்சுவேலிப் பேச்சையும் மட்டக்களப்புப் பேச்சையும் மன்னார்ப் பேச்சையும் அப்படியே கொண்டு வந்தவர்கள். அவர்களுடைய கடைசி வருடங்கள் இவை. அவர்கள் ஆக அதிகமாகக் கதைக்கும் இடம் கலியாணவீடு. அங்கே கமராவோடு நிற்பவர் நீங்கள்.

உங்கள் பக்கத்து நியாயங்களும் எனக்குத் தெரியும்.

வாடிக்கையாளர் பாட்டுத்தான் கேட்கிறார் என்பீர்கள். உண்மை. பாட்டோடு ஒரு வீடியோ கொடுங்கள், நான் மறுக்கவில்லை. கூடவே பாட்டில்லாத மூலத்தையும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பாட்டு வைத்த வீடியோவை முகநூலிலோ யூடியூபிலோ ஏற்றினால் உரிமை கேட்டு அதன் சத்தத்தை அடைத்துவிடவும் கூடும் என்பது உங்களுக்கே தெரியும். மாமியின் சிரிப்புக்கு எந்தப் பாட்டுக் கொம்பனியும் உரிமை கேட்காது.

கமராவைக் கண்டால் ஆட்கள் நேராக நின்று போஸ் கொடுப்பார்கள், இயல்பாகக் கதைக்கமாட்டார்கள் என்பீர்கள். மண்டபத்தில் அப்படித்தான். ஆனால் கலியாணத்துக்கு முந்திய கிழமை, பலகாரம் சுடுகிற இரவை நினைத்துப் பாருங்கள். மாமிமாரும் சித்திமாரும் அயல் பெண்களும் ஒரு குசினிக்குள். ஒருவர் பயற்றம் பணியாரத்துக்கு மா குழைக்கிறார், ஒருவர் முறுக்கு உரல் பிழிகிறார், ஒருவர் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று மற்ற எல்லாரையும் வேலை வாங்குகிறார். கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கிறவருக்குக் கமராவை நினைக்க நேரம் இல்லை. முதல் கால் மணித்தியாலம் வெட்கப்படுவார்கள், பிறகு ஊர்க்கதை தொடங்கிவிடும். மூன்று தலைமுறையும் இரண்டு மொழியும் பத்துக் கையும் ஒரே சட்டகத்துக்குள் வரும் இடம் அதைப்போல் வேறில்லை. அந்த இரவுக்கு உங்களை எவரும் கூப்பிடுவதில்லை. நீங்களும் கேட்பதில்லை.

இடம் காணாது, செலவு என்பீர்கள். எல்லா மணித்தியாலத்தையும் எப்போதும் வைத்திருக்க நான் கேட்கவில்லை. குடும்பத்திடம் ஒரு வன்தட்டை வாங்கித் தரச் சொல்லி, அதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் திறந்து பார்த்த பிறகு உங்களிடம் இருப்பதை அழியுங்கள். அந்தத் தட்டின் விலை மணவறையின் பூச்செலவில் ஒரு மூலைக்கும் காணாது.

எடுக்கும் முறையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் பழகிய முறைக்கு இது நேர் எதிர். கமராவை முக்காலியில் ஏற்றி, எல்லாருடைய முகமும் கையும் தெரியும்படி அகலமாக வைத்துவிட்டு அசைக்காமல் விடுங்கள். பேசுகிறவரின் பக்கம் திருப்பாதீர்கள். கேட்கிறவர் என்ன செய்தார் என்பதுதான் பாதிக் கதை. வெட்டாதீர்கள், மெதுவோட்டம் வேண்டாம், நிறம் மாற்றவேண்டாம். மேசைமேல் இன்னொரு மைக் வையுங்கள், ரீவியை நிறுத்தச் சொல்லுங்கள். கேள்வி கேட்காதீர்கள், "ஏதாவது சொல்லுங்கோ அன்ரி" என்று தூண்டாதீர்கள். முடிந்தால் நீங்களே வெளியே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். கடைசியில் திகதி, இடம், யார் யார், யாருக்கு யார் என்ன முறை, எந்த ஊர்ப் பேச்சு என்பதைக் குடும்பத்தில் ஒருவரைக் கொண்டு ஒரு தாளில் எழுதுவித்து, அதையும் படம் எடுத்துவிடுங்கள். ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பதிவுகளை ஈலான் என்ற இலவச மென்பொருளில் போட்டு, ஒவ்வொருவர் பேச்சையும் பார்வையையும் கையசைவையும் தனித்தனி வரிசையாகக் குறிக்கிறார்கள். நெதர்லாந்தின் மக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் உருவானது அது. தினமும் டைம்லைனோடு மாரடிக்கும் உங்களுக்கு அதைப் பழக ஒரு பின்னேரம் போதும்.

இனிச் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். குசினிக் கதையில் புறணி இருக்கும். கடன், விவாகரத்து, விசா, நோய், இயக்கக் காலத்துக் கதை எல்லாம் வரும். ஆகவே அனுமதி இல்லாமல் ஒரு நிமிடமும் வேண்டாம். வீட்டுக்காரர் ஒருவர் தலையாட்டினால் போதாது, அந்தக் குசினியில் நிற்கும் ஒவ்வொருவரும் சம்மதிக்கவேண்டும். எடுத்த பிறகும், "அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துவிடுங்கோ" என்று ஒருவர் சொன்னால் எடுத்துவிடவேண்டும். அதை உங்கள் பக்கத்தில் விளம்பரமாகப் போடக்கூடாது. பதிவு குடும்பத்துடையது. உலகத்தில் இந்த வேலை செய்பவர்களும் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். அருகிவரும் மொழிகளுக்கான ஆவணகம் ஒன்று 2002இல் எங்கள் லண்டன் சோவாஸ் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது, 2021இல் பெர்லினுக்கு மாறியது. அங்கே எல்லாரும் பார்க்கக்கூடிய பதிவும் உண்டு, அனுமதி கேட்டே பார்க்கவேண்டிய பதிவும் உண்டு.

ஊருக்குப் போகும்போது ட்ரோனும் கமராவும் கொண்டுபோகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வாகரைப் பக்கமும் மூதூர்ப் பக்கமும் தமிழ் பேசும் வேடர் ஊர்கள் உண்டு. அங்கே போய், வில்லும் அம்பும் எடுத்து நிற்கச் சொல்லி, சடங்கை ஆடிக் காட்டச் சொல்லிப் படம் எடுக்கும் ஆசை எங்கள் ஆட்களுக்கு நிறைய. செலிக்மன் தம்பதிக்குப் போனோகிராபின் எல்லை என்று ஒரு காரணம் இருந்தது. உங்களுக்கு என்ன காரணம்? அவர்கள் மீன் பங்கிடும்போதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தும்போதும் எப்படிக் கதைக்கிறார்கள் என்பதை, அவர்கள் விரும்பினால் மட்டும், அவர்கள் சொல்லும் நேரத்தில் எடுங்கள். ஊரை விட்டு வெளிக்கிட முதல் ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள். நூறு வருடத்துக்கு முந்திய வேடர் பாட்டுகளின் உருளைகள் இன்று லண்டனில் இருக்கின்றன. அதே அநியாயத்தை எங்கள் கையால் இன்னொரு தடவை செய்யவேண்டாம்.

பதிவை எங்கே வைப்பது? முதலில் குடும்பத்தில். அதற்குப் பிறகு, எல்லாரும் சம்மதித்த பகுதிகளை மட்டும் பொது ஆவணகத்துக்குக் கொடுக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் அச்சுப் பிரதிகளை மட்டும் காப்பாற்றுவதோடு நிற்கவில்லை. ஒலி, ஒளிப் பதிவுகளுக்கு "ஆவணகம்" என்ற இடத்தையும் வைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாங்கள் ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறோம், அது நியாயமே. ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சை எவரும் வந்து எரிக்கவில்லை. காசு கொடுத்து, பாட்டும் தெரிவு செய்து கொடுத்து, நாங்களே அழிப்பிக்கிறோம்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். ஒரு கலியாணத்துக்கு ஒரு மணித்தியாலம். அவ்வளவுதான். உங்கள் விலைப்பட்டியலில் ட்ரோனுக்கு ஒரு வரி இருக்கிறது, அல்பத்துக்கு ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே "பலகார இரவு: ஒரு மணித்தியாலம், வெட்டாமல், பாட்டில்லாமல்" என்று இன்னொரு வரி சேருங்கள். அதற்கு நியாயமான காசும் கேளுங்கள், இலவசமாகச் செய்யச் சொல்லவில்லை. முற்பணம் வாங்கும் நாளில் வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "பலகாரம் எப்ப சுடுறீங்கள்? அண்டைக்கு நான் ஒருக்கால் கமரா கொண்டுவரட்டோ?" பலர் முதலில் சிரிப்பார்கள். சிலர் ஓம் என்பார்கள். இந்த வருடம் உங்களில் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு வீட்டில் இதைச் செய்தாலே, நோர்பரி, தோண்டன் ஹீத், மிச்சம், ஸ்ட்ரெதம் பக்கத்துத் தமிழ்ப் பேச்சுக்குப் பத்து மணித்தியாலச் சாட்சி இருக்கும்.

வீட்டுக்காரர்கள் எவராவது இந்த மடலை வாசித்தால், வீடியோக்காரர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள். பாட்டுப் பட்டியல் கொடுக்கும் நாளிலேயே, மூலப்பதிவும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

தம்பிமாரே, தங்கைமாரே, வரும் கோடைக்கான பதிவுகள் உங்கள் நாட்குறிப்பில் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருக்கும். அதில் முதலாவது வீட்டுக்கு இன்றைக்கே தொலைபேசி எடுத்து அந்த இரண்டு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
நோர்பரியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்